இரண்டாம் தடவை வறுத்தரிசி

ஆட்சேப மனு வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ரிஸாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கி ஒரு கணம் கழித்துத்தான் அவள் சிரித்தாள் என்றாலும், அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

பாங்காக்கில் சத்தோர்ன் சாலையில் பதினெட்டாவது மாடி. காப்புரிமை வாங்கித் தருவதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். மருந்து, விதை, நொதி, கிருமி என்று உயிரோடு சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்புகளை மட்டும்தான் தொடுவார்கள். தலைமை வழக்கறிஞர் ஒரனுச் அக்கா. அவருக்குக் கீழே ஏழு பேர். அதில் ரிஸா ஆறு வருடமாக இருக்கிறாள். உயிர்வேதியியலில் பட்டம், அதன்மேல் காப்புரிமை முகவர் உரிமம். ஆய்வகத்தில் ஒருவன் உளறுவதைக் கேட்டு அதைச் சட்டத்தின் மொழியில் எழுதிக் கொடுப்பதில் அவளை அடிக்க அங்கே ஆள் கிடையாது.

மனு ரிஸாவின் கோப்புக்கு எதிராகத்தான் வந்திருந்தது. ஓர் உணவுக் கம்பெனி மூன்று வருடத்துக்கு முன்னால் விண்ணப்பித்த காப்புரிமை. மீனும் உப்பும் வறுத்த அரிசியும் போட்டு வருடக்கணக்கில் ஊறவைக்கிற பிளாராவை நாற்பத்தைந்து நாளில், நாற்றம் குறைவாக, எல்லாப் பீப்பாயிலும் ஒரே சுவையாகச் செய்கிற முறை. விண்ணப்பம் அரசிதழில் வெளியானதும் வடகிழக்கிலிருந்து ஒரு பெண்கள் குழு ஆட்சேபம் போட்டுவிட்டது. 'இதை நாங்கள் எப்போதிருந்தோ செய்கிறோம்' என்பதுதான் ஆட்சேபம்.

ஒரனுச் அக்கா வாக்குமூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இசான் என்கிற அந்த வடகிழக்குப் பேச்சின் இழுவையோடு வாசித்துக் காட்டினார். அவருக்கு அந்த இழுவை வரவில்லை. அது வராததுதான் வேடிக்கை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"எம்பேரு புவாலை. வயசு அம்பத்தெட்டு. நாலாப்பு படிச்சிருக்கேன். பீப்பாய்ல மீனப் போட்டு மூடி வச்சா மொதல்ல குபுகுபுன்னு சத்தம் போடும். தெனம் காலைல காத வச்சுக் கேப்பேன். சத்தம் அடங்குனதும் ரெண்டாந் தடவயா வறுத்த ஒட்டரிசி போடுவேன். அடங்குறதுக்கு முன்ன போட்டா கசக்கும். அடங்கி நாளாகிப் போட்டா அழுகும்."

"காது வச்சா!" என்றான் பீம். போன வருடம் சேர்ந்த பையன், வெளிநாட்டுப் படிப்பு. "அக்கா, அந்தக் காதையும் பதிவு பண்ணிரலாமா? 'வாயு அளக்கும் கருவி, இரண்டு எண்ணம், தோடு தனி'ன்னு."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். வாக்குமூலத்தோடு ஒரு புகைப்படம் இணைத்திருந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வரிசையாக நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள். அதில் ஒன்றின் மேல் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தடித்த பெண்பிள்ளை. போட்டிருந்த ஊதாச் சட்டை ரிஸா போன புதுவருட விடுமுறைக்கு வாங்கிக் கொடுத்தது.

அந்தப் பெண்பிள்ளை அவளுடைய அம்மா.

அது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வழியுமில்லை. ரிஸாவுக்கு அப்பாவின் குடும்பப்பெயர். அம்மா இரண்டாம் கல்யாணத்தில் அதை மாற்றிக்கொண்டவள். ரிஸா என்ற பெயரே பல்கலைக்கழகம் சேர்ந்த வருடம் அவளாக வைத்துக்கொண்டதுதான். ஊரில் அவள் பெயர் கியட், வயல் தவளைக்குஞ்சு. கூடப் படித்தவர்கள் எல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுச் செல்லப்பெயர்களோடு வந்து உட்கார்ந்திருந்தபோது, நான் தவளைக்குஞ்சு என்று யார் சொல்வார்கள்? அலுவலகத்தில் சேர்ந்த முதல் மாதம் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பிளாரா ஊற்றி இடித்த பப்பாளிக்காய்க் கலவை சொன்னபோது, "எனக்கு பிளாரா வேணாம், அந்த வாடை ஒத்துக்காது" என்றாள். ஆறு வருடமாக வேர்க்கடலை தூவிய இனிப்புப் பப்பாளிக்காயையே தின்றுகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கச் சிரமமாக இருக்கும். விழுங்கிவிடுவாள்.

"பதில் நீயே எழுது ரிஸா. உன் கோப்பு, உன் குழந்தை," என்று ஒரனுச் அக்கா வாக்குமூலத்தை அவள் மேசையில் போட்டார்.

அவளுடைய குழந்தை என்பது ஒரனுச் அக்கா நினைத்ததைவிட உண்மை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. ரங்சித்தில் கம்பெனியின் ஆய்வகம். தலைமை விஞ்ஞானி டாக்டர் தனக்ரித். கண்ணுக்குக் கீழே கருவளையமும், சட்டைப் பையில் எப்போதும் நெஞ்செரிச்சல் மாத்திரையுமாக இருக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. நான்கு வருடம் மெனக்கெட்டு முன்னூற்றுச் சொச்சம் பீப்பாய்களிலிருந்து கிருமிகளைப் பிரித்தெடுத்து, அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தார். இயற்கையில் கிடக்கிற கிருமிக்குத் தாய்லாந்துச் சட்டம் காப்புரிமை தராது. அதை வைத்துச் செய்கிற முறைக்குத்தான் தரும். அந்த முறைதான் அவருக்குப் படியவில்லை. ஒரு தொட்டி தேன் மாதிரி வரும், அடுத்தது கசக்கும், அதற்கடுத்தது அழுகும். என்ன எழுதலாம் என்று குறிப்பெடுக்கப் போன ரிஸாவின் முன்னால் அந்த மனிதர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

"எழுத ஒண்ணுமில்லம்மா. அடுத்த மாசம் நிர்வாகம் கூடுது. கடையைக் கட்டச் சொல்லிருவாங்க. பதினோரு பசங்க வேலை பாக்குறாங்க எங்கிட்ட."

ரிஸா தொட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே குமிழி அடங்கி இரண்டு நாளாகியிருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சத்தம் நின்ன அன்னைக்கே இன்னொரு தடவ வறுத்தரிசி போட்டுப் பாருங்களேன்."

"சத்தமா? என்ன சத்தம்?"

"அதான்… வாயு. வாயு வர்றது நின்னதும்."

தனக்ரித் தலையைத் தூக்கினார். பத்து வருடமாக யாரும் அவளை அப்படி மரியாதையோடு பார்த்ததில்லை. "எங்க படிச்சீங்க இத?"

எங்கம்மா செய்வாங்க டாக்டர். மூன்று சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் பேனாவை எடுத்து அம்மாவின் பெயரைக் குறித்துக்கொண்டிருப்பார். அந்த மனிதர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அதைச் சொன்னால், சொன்னவள் சட்டம் தெரிந்த ரிஸா இல்லை. மேலில் மீன்வாடை போகாமல் பள்ளிக்கூடத்தில் தனிப் பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"ஏதோ பழைய ஆய்வேடு, டாக்டர். பேரு ஞாபகமில்ல."

ஏழு வாரம் கழித்துத் தனக்ரித் தொலைபேசியில் அழுதார். மூன்று தொட்டியும் தேன். ரிஸா உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். முதல் கோரலே, அதாவது இது எங்களுக்கு மட்டும் என்று உரிமை கேட்கிற முதல் வரியே, இரண்டாம் தடவை வறுத்தரிசி. வாயு அளக்கும் கருவி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே காட்டும்போது, இத்தனை சதவீதம். அதற்கு முன்னால் அவள் தொழிலில் எல்லோரும் எழுதுகிற அந்த வரியையும் எழுதினாள்: 'கண்டுபிடிப்பாளர் எதிர்பாராத வகையில் கண்டறிந்தது என்னவென்றால்…'

என்ன எதிர்பாராத வகை! அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்தக் கொட்டகையில் தினம் காலையில் நடந்துகொண்டிருந்தது அது.

மனு வந்ததற்கு அடுத்த நாள் ஒரனுச் அக்கா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மொகம் ஏன் இப்படி இருக்கு? ஏழைப் பொம்பளைங்கன்னு பாவமா இருக்கா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"இருந்தா தப்பில்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. இந்தக் காயிதம் இல்லன்னா தனக்ரித்தோட தொழிற்சாலைக்கு ஒரு பய பணம் போட மாட்டான். மருந்தா இருந்தாலும் சரி, மீன்சாறா இருந்தாலும் சரி, இந்தத் தொழிலே அப்படித்தான். ஒருத்தன் பத்து வருஷம் ஆய்வகத்துல பணத்தக் கொட்டுவான், வெளிய வந்ததும் அடுத்தவன் பத்து வாரத்துல காப்பியடிச்சிருவான். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் நம்ம பிளாராவ அங்க பதிவு பண்ணிட்டு நமக்கே விக்க வந்தா அப்ப இதே பொம்பளைங்க எங்க போய் அழுவாங்க? தனக்ரித்து நம்மாளு. அவன் கையில இருக்குறது மேல்."

ரிஸாவுக்கு எரிச்சலாக வந்தது. சொல்வதில் பாதி உண்மை என்பதால்தான் எரிச்சல்.

"ஆனா அவங்க முன்னாடியே செஞ்சிருந்தா, அது புதுசு இல்லியேக்கா?"

"செஞ்சிருந்தாங்கன்னு யாரு சொல்றா? தேதி இருக்கா? எழுத்து இருக்கா? காது வச்சேன்னு ஒருத்தி சொல்றா. எல்லாரும் சொல்லுவாங்க. பதில்ல அத அடி."

அன்று சாயங்காலமே அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவுக்கு மகள் 'நில பத்திரம் மாதிரி ஏதோ' எழுதுகிறாள் என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் விளக்க ரிஸா மெனக்கெட்டதில்லை.

"ஏ தவளைக்குஞ்சு, சாப்டியாடி?"

"சாப்ட்டேன். என்னம்மா?"

"பாங்காக்குல எவனோ ஒருத்தன் நம்ம ரெண்டாந் தடவ அரிசிய எழுதி வாங்கிட்டானாமே! இனிமே நாங்க போடணும்னா அவன்ட்ட கேட்டுட்டுப் போடணுமாம். பூமி எங்கயாச்சும் இப்படிச் சுத்துமா? காலேஜு சட்ட வாத்தியாரு வந்து எழுதிக்கிட்டுப் போனாரு. நான்தான் மொதல்ல கைநாட்டு… இல்லடி, கையெழுத்தே போட்டேன். உம் பேனாவுலதான்."

"ம்."

"அவனுவ பதில் போடுவானுவளாம். அதுக்கு நாம பதில் போடணுமாம். நீ படிச்சவதான? ஒரு எட்டு வந்து நல்லா நாலு வார்த்தை எழுதிக் குடேன். வாத்தியாரு எழுதுனது எனக்கே புரியல."

"அது வேற சட்டம்மா. எனக்கு அது தெரியாது."

அம்மாவின் குரலில் ஏமாற்றம் கூடத் தெரியவில்லை. உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

"சரி விடு. வெளிய சொன்ன சிறுக்கிய கண்டுபுடிச்சாச்சு. நம்ம சீடாதான்."

"யாரு? சீடாத்தையா?"

"அத்தையாம் அத்தை! அவ வீட்டுலதான நாலு வருசத்துக்கு முன்ன சீசாவும் கையுமா ஒரு கூட்டம் தங்கி மீன்சாறு எடுத்துட்டுப் போச்சு. அவனுவளுக்கு கோழி அடிச்சுப் போட்டாளே! எங்கூட இருவது வருசம் ஒரே கொட்டாயில நின்னவ. நேத்து காலைல ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில சொல்லிட்டாரு, சீடாவ குழுவுலருந்து எடுத்தாச்சு, யாரும் அவ பீப்பாயி வாங்காதீங்கன்னு. தெருவுல குறுக்க வந்தா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

"அம்மா, அவங்க சொல்லலன்னு சொன்னாங்களா?"

"சொல்லலன்னுதான் சொல்றா. சத்தியம் பண்றா. வேற யாரு சொல்லியிருப்பா, நீயா?"

அம்மா சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. ரிஸா, தண்டவாளத்தில் ரயில் வருகிறது, கேட்கவில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். அவள் நின்றிருந்த இடத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அரைக் கிலோமீட்டர்.

இதற்குப் பிறகும் அவள் பதில் எழுதினாள். அதுதான் கேவலம். எழுதாமல் இருந்திருக்கலாம், கோப்பை வேறு யாருக்காவது மாற்றச் சொல்லியிருக்கலாம், காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். மூன்று நாள் உட்கார்ந்து, தன் திறமை அத்தனையும் போட்டு, பதினான்கு பக்கம் எழுதினாள். மோசமாக எழுதக் கை வரவில்லை. ஒன்பதாவது பத்தி இப்படி: 'வாக்குமூலம் அளித்தவர் நான்காம் வகுப்பு மட்டுமே படித்தவர். வாயு வெளியேற்றத்தை அளக்கும் அறிவோ கருவியோ அவரிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. காதால் கேட்டறிந்தார் என்பது நம்பத்தக்கதன்று.'

எழுதி முடித்துத் திரும்பப் படித்தாள். நல்ல பத்தி. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் இதை ஏற்றுக்கொள்வார் என்று தொழில் தெரிந்த மூளை சொன்னது. எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்தாள். எலுமிச்சை வாசம்தான் வந்தது.

மறுநாள் கூட்டம். பதிலைத் தாக்கல் செய்ய இரண்டு நாள் இருந்தது. தனக்ரித் வந்திருந்தார், பீமும் இருந்தான். தனக்ரித் பதினான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். ஒன்பதாவது பத்தியில் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஒரு உறுத்தல். ரிஸா, அன்னைக்கு ஒரு ஆய்வேடுன்னு சொன்னீங்களே. நானும் தேடித்தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல. அப்படி ஒண்ணு இருந்தா அத நாம மறைக்கக் கூடாதில்ல? பின்னாடி எவனாவது தோண்டி எடுத்தா மொத்தமும் போயிரும். என் பேரும் போயிரும். எது அது?"

ஒரனுச் அக்கா புருவத்தைத் தூக்கினார். "என்ன ஆய்வேடு? எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"அந்த யோசனையே ரிஸா குடுத்ததுதானே," என்றார் தனக்ரித், ஏதோ பாராட்டைப் போல. "அவங்க படிச்சுச் சொன்னாங்க. நான் செஞ்சு பாத்தேன்."

இல்லாத ஆய்வேட்டுக்கு ஒரு பெயர் வைப்பது பெரிய காரியமில்லை. கல்லூரி ஒன்று, வருடம் ஒன்று, எரிந்துபோன நூலகம் ஒன்று. ரிஸா இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவாள். அதைச் செய்யத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆய்வேடு ஒண்ணும் இல்ல டாக்டர். நான் பொய் சொன்னேன்."

"பின்ன?"

ரிஸா புகைப்படத்தை மேசை மேல் நகர்த்தி வைத்தாள். "இவங்கதான். எங்கம்மா."

பீம் ஏதோ சொல்ல வந்து, தன் தோடு வேடிக்கை ஞாபகம் வந்தவனாகக் கீழே குனிந்துகொண்டான். தனக்ரித் படத்தைக் கையிலெடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா," என்றார் மெதுவாக, "நான் அவங்களையும் சேத்துப் போட்டிருப்பேனே ரிஸா. நேர்ல போயி கும்பிட்டுட்டு வந்திருப்பேன். மூணு வருஷமா எல்லா மேடையிலயும் 'நான் கண்டுபிடிச்சேன்'னு பேசிட்டிருக்கேன். என்ன இப்படி நிக்க வச்சுட்டீங்களே."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ரிஸாவுக்கு.

ஒரனுச் அக்கா திட்டவுமில்லை. பேனாவை மூடி வைத்தார். "பீம், தனக்ரித்துக்கு காபி குடு. ரெண்டு பேரும் வெளிய போங்க." கதவு சாத்தியதும் குரல் மாறியது. "உனக்குச் சட்டம் தெரியாதுன்னு சொல்லவும் முடியாது. எதிர்க்கட்சி சாட்சியோட மக இந்தக் கோப்ப மூணு வருஷம் கையில வச்சிருந்திருக்கா. அந்த ஒம்பதாவது பத்திய நீயா எழுதுன?"

"ஆமாக்கா."

"உங்கம்மாவப் பத்தி."

"ஆமா."

"நான் எத்தனையோ பதில் எழுதியிருக்கேன், ரிஸா. மனசாட்சி பாத்து எழுதுறவ இல்ல நான். ஆனா எங்கம்மாவ எழுதச் சொன்னா எழுதியிருக்க மாட்டேன்." அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "மொதல் கோரல எடுத்துரலாம். கிருமிக் கலவை, வெப்பநிலை, கருவி, அது தனக்ரித்து செஞ்சது, அது நிக்கும். நாப்பத்தஞ்சு நாளும் நிக்கும். வெறும் ரெண்டாந் தடவ அரிசி மட்டும் போகுது. கம்பெனி கத்தும், நான் பாத்துக்கறேன். நீ இன்னைலருந்து லீவுல போ. கட்சிக்காரன் விஷயம் ஒரு வார்த்தை வெளிய போச்சு, உன் உரிமம் போயிரும். உன் விஷயத்த மட்டும் நீ எங்க வேணா சொல்லிக்க."

இரவு பஸ் பிடித்து, விடிந்து நேரமாகி, வடகிழக்கில் காலாசின் நகரத்தில் இறங்கி, மோட்டார் பைக்கில் தொற்றிக்கொண்டு லம்பாவ் அணை ஓரமாக ஊருக்குப் போனாள். அம்மா கொட்டகையில் பீப்பாய்களின் வாயைத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். கூட இன்னும் மூன்று பெண்கள்.

"அடியே! சொல்லாம கொள்ளாம! எழுதிக் குடுக்க வந்துட்டியா?" என்று அம்மா கையைச் சட்டையில் துடைத்தாள். மற்றவர்களிடம் திரும்பி, "சொன்னேன்ல, வருவான்னு" என்றாள்.

ரிஸா அங்கேயே, நின்ற இடத்திலேயே சொன்னாள். பஸ்ஸில் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "சீடாத்தை சொல்லலம்மா. நான்தான் சொன்னேன். அந்த ஆய்வகத்துல. மூணு வருசம் முன்ன."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆனாலும் முகம் கடுக்கவில்லை. "அட, அதுக்கென்ன? சொல்லிட்டுப் போற. ஊருல யாரு கேட்டாலும் நாங்களே சொல்றதுதான. அம்மா இப்படிச் செய்வான்னு பெருமையாத்தான சொல்லியிருப்ப?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. பெருமையாத்தாம்மா என்றால் எல்லாம் முடிந்துபோகும். அந்த மூன்று பெண்களும் தலையாட்டத் தயாராக நின்றிருந்தார்கள்.

"இல்லம்மா. எங்கயோ புத்தகத்துல படிச்சேன்னு சொன்னேன்."

அம்மா கட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே விட்டாள்.

"புத்தகத்துலயா?"

"ம்."

"எந்தப் புத்தகத்துலடி? இந்த ஊர்ல எவ வீட்டுல புத்தகம் இருந்துச்சு? ஒம் புத்தகம் வாங்குனதே இந்த நாத்தத்துலதான?" குரல் உயரவில்லை. ரிஸாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "எம்பேரச் சொல்ல ஒனக்கு வாய் கூசுச்சு. அப்படித்தான?"

"ஆமாம்மா."

"சொன்னதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கலடி. ஊரு பூரா எடுத்துட்டுப் போகட்டும். நீ என்னய எடுத்துட்டு புத்தகத்த வச்ச பாரு." அம்மா திரும்பிக்கொண்டு அடுத்த பீப்பாய்க்குப் போனாள். அங்கிருந்து, பார்க்காமலே, "எங்கிட்ட எதுக்கு நிக்கிற? இருவது வருசக் கூட்டாளிய நான் திருடின்னு சொல்லிருக்கேன். மொதல்ல அங்க போ" என்றாள்.

சீடாவின் வீடு தெருக்கோடியில். வாசலில் விற்காத பீப்பாய்கள் ஆறு, சுவரோடு சாய்ந்து நின்றன. சீடா ஒல்லியான பெண். படிக்கட்டில் உட்கார்ந்து கோழிக்கு உமி போட்டுக்கொண்டிருந்தாள். ரிஸா கையைக் கூப்பி, முட்டி போட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. ஒன்பதாவது பத்தியைக்கூடச் சொன்னாள்.

சீடா கேட்டு முடித்தாள். உமித் தட்டைத் தட்டிக் கவிழ்த்தாள்.

"அந்தப் பசங்களுக்குக் கோழி அடிச்சுப் போட்டது நெசந்தான்," என்றாள். "ரெண்டாந் தடவ அரிசி பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஏன் தெரியுமா? அது உங்கம்மா கைப்பக்குவம். அத நான் சொல்லக் கூடாதுன்னு சொல்லல."



"எந்திரிடி. எம் முத்தத்துல மண்டி போட்டு நீ சொன்னா எந்தக் கோழிக்குக் கேக்கும்? என் பேர எங்க சொன்னாங்க?"

"ஒலிபெருக்கில."

"அப்ப அங்க வா. நாளைக்கில்ல, இப்ப. எல்லாரும் சாப்புட உக்காந்திருப்பானுவ. நல்லாக் கேக்கும்."

ஊர்த் தலைவர் வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள். சீடா முன்னால், ரிஸா பின்னால். வழியில் பார்த்தவர்கள் சீடாவைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள், ரிஸாவைப் பார்த்து, "அட, வக்கீலம்மா எப்ப வந்தீக?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவர் கேட்கும்போதும் சீடா நின்று, அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள். ரிஸா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

தலைவர் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவினார். "ஏம்மா, பெரிய எடத்துல வேலை பாக்குற. குழுவுல நாங்களே பேசி முடிச்சுர்றோம். மைக்குல எதுக்கு? வெளிய தெரிஞ்சா உனக்கு நல்லதில்ல."

"என்னய மட்டும் மைக்குல சொன்னீங்களே," என்றாள் சீடா.

தலைவர் எழுந்து போய் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டார். கம்பத்தின் உச்சியில் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளும் கீச்சென்று கத்தின. எங்கோ ஒரு நாய் குரைத்தது. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்து ரிஸாவிடம் நீட்டினார்.

சத்தோர்ன் சாலையில் பத்துப் பேர் முன்னால் பேசக் கூசாதவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாங்காக் பேச்சில் தொடங்கினாள். "அனைவருக்கும் வணக்கம்…" சீடா அவள் தோளில் ஒரு குத்து விட்டாள்.

"ஒழுங்காப் பேசு. இங்க யாருக்குடி அது?"

ரிஸா மூச்சை இழுத்து, மறுபடியும் தொடங்கினாள். இந்தத் தடவை ஊர்ப் பேச்சில். பதினான்கு வருடமாக அம்மாவிடம்கூட முழுசாகப் பேசாத பேச்சு. தடுக்கித் தடுக்கித்தான் வந்தது, ஆனால் வந்தது.

"நான் புவாலை மக பேசுறேன். சீடாத்தை மேல ஒரு தப்பும் இல்ல. வெளிய சொன்னது நான். எங்கம்மாட்ட கத்துக்கிட்டத புத்தகத்துல படிச்சேன்னு சொன்னேன். எங்கம்மா பேரச் சொல்ல வெக்கப்பட்டேன்…"

அவள் குரல் நான்கு திசையிலும் அரைக் கணம் பிந்திப் பிந்தி அவளுக்கே திரும்பி வந்தது. கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பெண்கள் மூவரும் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வெளியே வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்று தலைவர் சைகையில் கேட்டார்.

"முடியல," என்றாள் சீடா. "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க. தெக்குத் தெருவுல தறி ஓடிட்டிருந்துச்சு, கேட்டிருக்காது."

ரிஸா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். முதலிலிருந்து, மறுபடியும் சொன்னாள்.